மகள் என்ன செய்யிறா?

பஸ்ரியன் அண்ணை கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு இராஜரட்ணத்தின் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இராஜரட்ணத்தின் மகள் நிலாணிக்கு வீடியோ அழைப்பு எடுக்க வேண்டுமாம். வீங்கிய முழங்காலைக் காட்ட வேண்டுமாம்.

"மகள் பிசியோ எண்டு நீர்தானே சொன்னனீர்?"

சொன்னதுதான். நிலாணி அப்போது கூடைப்பந்து அணியொன்றின் சியர்லீடர். குட்டைப் பாவாடையோடு ஆட்ட இடைவேளைகளில் குதித்துக்கொண்டிருந்தாள். மிசிசாகா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் இராஜரட்ணம், ரூஜ் பகுதிக்குக் குடிவந்த முதல் வாரமே, பக்கத்து வீட்டுப் பஸ்ரியன் அண்ணையிடம் அவள் விளையாட்டு வீரர்களின் கால்களைக் கவனிக்கிற பிசியோ என்று சொல்லிவைத்தார்.

"இப்ப மேற்படிப்புக்கு அமெரிக்கா போட்டா அண்ணை. போனில பிடிக்கிறது கஷ்டம்."

போனது உண்மை. பெரிய பாடகர்களின் மேடைகளுக்கு நடனம் அமைக்கப் போயிருந்தாள். அது ஒருநாள் தொலைக்காட்சியில் வந்து தொலைத்தது. ஆடுபவர்களை அதட்டிப் பழக்கும் பெண்ணையும் இராஜரட்ணம் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தையும் பஸ்ரியன் அண்ணை மாறி மாறிப் பார்த்தார். ஆடுகிறவர்களுக்கும் கால் நோகும்தானே என்று இராஜரட்ணம் சமாளித்தார்.

பிறகு அவள் தானே பாடத் தொடங்கினாள். பெயரை 'நிலா' என்று சுருக்கிக்கொண்டாள். அஜின்கோர்ட் பகுதியில் பஸ் தரிப்பிடம் முழுக்க அவள் முகம். முழங்கால் பார்க்கிற பெண்ணை யாரும் அந்த அளவில் ஒட்டமாட்டார்கள்.

"அது வேற பிள்ளை அண்ணை," என்றார், பஸ்ரியன் அண்ணை கேட்டபோது. "ஒரே சாயல்."

வீட்டுக்கு வந்து சுவர்ப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் சாப்பிட்டார். மனைவி தவமணி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பஸ்ரியன் அண்ணையின் பேத்தி அனோஜாவின் பூப்பு விழாவான சாமத்தியவீட்டுக்கு இராஜரட்ணம் வெளிக்கிட்டபோதுதான் தவமணி வாய் திறந்தாள். "நீங்கள் போங்கோ. உங்களோட வாறதுக்கு எனக்கு வெக்கமாயிருக்கு."

மண்டபத்தில் நானூறு பேர். அனோஜா பல்லக்கில் வந்து இறங்கியதும் விளக்குகள் அணைந்தன. திரும்ப எரிந்தபோது மேடையில் நிலா. அனோஜாவின் தகப்பன் றமேஸ் எப்படியோ ஆளைப் பிடித்துவிட்டார்.

பாடி ஆடி முடித்து, மேசை மேசையாகக் கைகொடுத்துக்கொண்டு வந்தாள். இராஜரட்ணத்தைக் கண்டதும் அவள் முகம் செத்தது. அவருடைய மேசையைத் தாண்டி அடுத்ததற்குப் போனாள்.

தன் பொய் அவள் காதுக்கு எட்டிவிட்டது என்று அவருக்கு விளங்கியது. எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. நேரே பஸ்ரியன் அண்ணையிடம் போனார்.

"அண்ணை, அது என்ர பிள்ளை. பிசியோவும் இல்லை, ஒண்டும் இல்லை. ஆடுறாள் எண்டு சொல்ல வெக்கப்பட்டு நான்தான் பொய் சொன்னனான்."

பஸ்ரியன் அண்ணை குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். பக்கத்தில், பட்டுச் சேலைக்குள் மூச்சுவிட இடமில்லாமல் நின்ற அனோஜா இராஜரட்ணத்தைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நோ அங்கிள். நிலாவின்ர அப்பா பைலட். எல்லா இன்ரவியூவிலயும் அவவே சொல்லுறவ."