பெரியம்மா இறந்துபோன படிவம்

தன்னம்பிக்கை இல்லாதவர்களால் யாருக்கும் பெரிய ஆபத்து வருவதில்லை. அவர்கள் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைப்பதெல்லாம் என்னைப் போன்றவர்கள்தான்.

அப்போது நான் கல்லூரியில் உளவியல் முதலாண்டு. ‘தன்னால் முடியும் என்று நம்புகிறவன்தான் காரியத்தை முடிக்கிறான்’ என்று பாடம். அந்த நம்பிக்கை சின்னச் சின்ன வெற்றிகளால் வளருமாம். நானோ கைபேசிச் செயலியில் முப்பது நாள் விடாமல் பிரெஞ்சு படித்திருந்தேன். ‘பூனை பால் குடிக்கிறது’ என்று பிழையில்லாமல் சொல்வேன். இதற்கு மேல் என்ன வெற்றி வேண்டும்?

பெரியம்மா தருமபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் இறந்தபிறகு வந்த பென்ஷனில்தான் பெரியம்மா வீட்டில் உலை கொதித்தது. வருடா வருடம் பிரான்ஸிலிருந்து ஒரு படிவம் வரும். ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று நிரப்பி அனுப்ப வேண்டும். பிரெஞ்சு தெரிந்த பெரியம்மா எப்போதும் தானே நிரப்பிவிடுவார். அந்த வருடம் பார்த்துக் கண்புரை ஆபரேஷன்.

“பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வாடா” என்றார்.

“எதுக்குப் பெரியம்மா? நான் இருக்கேன்ல.”

“உனக்குத் தெரியுமா?”

“முடியும்னு நெனச்சா முடியும் பெரியம்மா.”

(அவர் கேட்டது தெரியுமா என்று. நான் சொன்ன பதிலைப் பாருங்கள்.)

பெயர், முகவரி வரைக்கும் நான்தான் ராஜா. அதற்குக் கீழே மூன்று கட்டங்கள், பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. பூனையும் இல்லை, பாலும் இல்லை. காலியாக விட்டால் மரியாதையாக இருக்காது என்று மூன்றிலும் டிக் அடித்தேன். தேதி கேட்ட இடத்திலெல்லாம் அன்றைய தேதி. என் விரல் காட்டிய இடத்தில் பெரியம்மா கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதத்தில் பென்ஷன் நின்றது. பின்னாலேயே ஒரு கடிதம். அதற்குள் அவருக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது (என் கெட்ட நேரம்). நிதானமாகப் படித்து, எனக்கும் தமிழில் சொன்னார். என் டிக்குகளின்படி அவர் வீடு மாறி, மறுமணம் செய்துகொண்டு, இறந்தும் போயிருந்தார். மூன்றும் ஒரே நாளில். கீழே காலஞ்சென்றவரின் கையெழுத்து. ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, இறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.

யாரிடமும் கைநீட்டாத மனுஷி, கண்ணில் விடும் சொட்டு மருந்துக்கு அந்த மாதம் என் அம்மாவிடம் வந்து நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி படிவத்தைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். “இதை யாருங்க நிரப்புனது?”

“நான்தாங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணிருந்துச்சு” என்றார் பெரியம்மா, சற்றும் தயங்காமல். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். ஒருவழியாக அவரை மறுபடி உயிர்ப்பித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சிதம்பரம் தாண்டியதும் பெரியம்மா மெல்லக் கேட்டார்: “செத்தது கெடக்கட்டும்டா. எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சியே, மாப்பிள்ளை யாருன்னு சொல்லவே இல்லையே?”

இன்றைக்கு நான் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் யாரும் ஒரு ரேஷன் கார்டு படிவத்தைக்கூட என்னிடம் தருவதில்லை. உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தியில் யாராவது கேட்டுவிடுவார்கள்: “என்ன பெரியம்மா, புது வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலையா?”

பெரியம்மா சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் என்னைக் காட்டுவார். “அவரு அட்ரஸ் இவன்கிட்டதான் இருக்கு.”