மச்சானின் ரீலுக்கு நான் செய்த பூஜை

பெண் பார்க்கப் போகிறவனுக்குப் பட்டு வேட்டி, புதுச் செருப்பு எல்லாம் அப்புறம். முதலில் அவன் வாய்க்கு ஒரு நல்ல பூட்டாக வாங்கிப் போட வேண்டும். பஜ்ஜி சாப்பிட மட்டும் திறந்துவிட்டால் போதும். எனக்கு அப்படிப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. என் வீட்டார் எல்லோரும் பஜ்ஜியில் மும்முரமாக இருந்தார்கள்.

அப்போது நான் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம் ஒரு பம்ப்செட் கடையில் விற்பனைக்கு இருந்தேன். மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் விலையும், அது ஓடவில்லை என்றால் "கிரீஸ் வெச்சீங்களா?" என்று கேட்க வேண்டும் என்பதும்தான். கேட்கும் தோரணை பலமாக இருந்ததால் கீழ்பென்னாத்தூர் விவசாயிகள் பலர் என்னை மெக்கானிக் என்றே நினைத்திருந்தார்கள். நாளடைவில் நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்துவிட்டேன். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

பெண்ணுக்குப் புதுச்சேரி. பெயர் கோமதி. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. (அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று கேட்கும் துணிச்சல் இன்றுவரை வரவில்லை.) அவள் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வாயைத் திறந்தால் விடை மட்டும்தான் வரும். முடிவு சொல்ல வேண்டியவர் அண்ணன் சேகர் என்று சொல்லிவிட்டார்கள். சேகர் கப்பலில் வேலை பார்ப்பவர். லீவில் ஊருக்கு வந்தால் நண்பர்களோடு படகில் போய் மீன் பிடிப்பது அவருக்குப் பைத்தியம்.

எனக்கு மீன் பிடிக்கத் தெரியுமா என்று அவர் கேட்டார். "எங்க ஏரியே என் கையிலதான் இருக்கு" என்றேன். எங்கள் ஏரியில் அப்போது தண்ணீரே இல்லை. அது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

மனுஷன் குஷியாகி உள்ளே போய், தூண்டில் நூல் சுற்றும் ரீல்கள் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று சின்னது, கறுப்பு. மற்றது பெரியது, தங்க நிறம். அவர்கள் கடலில் ஜிக்கிங் என்று ஒன்று செய்வார்களாம். மீன் உருவில் இருக்கும், ஜிக் என்ற கனமான இரும்புத் துண்டை அடிக்கடலுக்கு இறக்கி, வெடுக் வெடுக்கென்று மேலே இழுக்க வேண்டும். அடிபட்ட மீன் என்று நம்பிப் பெரிய மீன் வந்து கவ்வும். அதற்கு இரண்டில் எது சரி என்று கேட்டார்.

நான் இரண்டையும் கையில் வாங்கி, சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோல எடை பார்த்தேன். கனமாகவும் பளபளப்பாகவும் இருந்ததைக் காட்டினேன். கல்யாணத்துக்கு நகை எடுக்கும் முறையும் அதுதானே.

கெட்ட நேரம், விடை சரியாகிவிட்டது. "கரெக்ட்டு. ஜிக்கிங்ல கை ஓயாம இழுக்கணும், கியர் ஸ்ட்ராங்கா இருக்கணும். உப்புத் தண்ணி உள்ள போவாத பாடியா இருக்கணும். சின்னது ஆத்து மீனுக்குத்தான்" என்று சேகர் அப்பாவிடம் விளக்கினார். வாத்தியார் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். நான் கண்ணை மூடித் தலையாட்டினேன்.

அதோடு விட்டிருக்கலாம். சேகர் மறுபடி ஆறு மாதத்துக்குக் கப்பலுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கடற்கரை வீட்டில் உப்புக் காற்றில் ரீல் கெட்டுவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டவர், திடீரென்று என் கையைப் பிடித்தார். திருவண்ணாமலையில்தான் கடலே இல்லையே, வெயிலில் காய்ந்து கிடக்கும் ஊர், இந்தப் பெரியது உங்களிடமே இருக்கட்டும் என்றார். தான் திரும்பி வந்ததும் எல்லோருமாகக் கடலுக்குப் போகலாம், வந்த கையோடு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிடலாம் என்று வேறு சொன்னார். மாப்பிள்ளைப் பரீட்சைக்கான கேள்வித்தாளையே துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பராமரிப்பும் சொல்லிக் கொடுத்தார். கைப்பிடியில் எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய். மேலே இருக்கும் டிராக் என்ற குமிழை எப்போதும் லூசாகவே வைக்க வேண்டும். மீன் பாய்ந்து இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுப்பது அதுதான், அதை இறுக்கி வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர் எல்லாம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். முக்கியமாக, உள்ளே கழற்றக் கூடாது. நான் எல்லாவற்றுக்கும் "தெரியும், தெரியும்" என்றேன். என் காது கோமதியின் கொலுசுப் பக்கம் இருந்தது.

ரீல் ஊருக்கு வந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த அடி அண்ணாமலை சித்தப்பா, இதில் எத்தனை அடிக் கிணற்றுக்குக் கயிறு சுற்றலாம் என்று விசாரித்தார். நான் எல்லோருக்கும் ஜிக்கிங் பற்றிப் பாடம் நடத்தினேன். கடலையே பார்க்காத சித்தப்பாவுக்கு, நடுக்கடலில் பாரை மீன் எப்படிப் பாயும் என்று நடித்தும் காட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு அரிவாள்மணையிலிருந்து மொபெட் வரை பூஜை உண்டு. ரீலை எடுத்துப் பார்த்தேன், ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பெண் வீட்டார் நம்பிக் கொடுத்த பொருள், பதறிவிட்டேன். அம்மா குத்துவிளக்கு தேய்க்கப் புளி கரைத்து வைத்திருந்தார். அதிலேயே ரீலையும் போட்டு அழுத்தித் தேய்த்தேன். தங்க நிறம் கொஞ்சம் போனது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் ஜாஸ்தியாகத் தேய்த்தேன்.

மீன் நாற்றம் பிடித்த சாமானைச் சாமி முன்னால் வைக்கலாமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். அதுதான் கழுவியாயிற்றே என்றார் அம்மா. கழுவியதில் உள்ளே புளித்தண்ணீர் போயிருக்குமே என்று எனக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டான். கழற்றினேன். கடையிலிருந்து கிரீஸ் கன் கொண்டுவந்து, பம்ப்செட்டுக்குப் போடும் மஞ்சள் கிரீஸைப் பிதுங்கி வழியும்வரை அடித்தேன். திரும்ப மாட்டியதும் ஒரு சின்ன வாஷர் மிச்சமாயிற்று. (எங்கள் தொழிலில் இது சகஜம்.) கடைசியில் அந்தக் குமிழ் லொடலொடவென்று ஆடியது. லூசாக ஆடும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வராது. குறடு வைத்து ஒரு முறுக்கு முறுக்கினேன்.

பிறகு குமிழ்மேல் சந்தனம், நடுவில் குங்குமம், கைப்பிடியில் பூச்சரம். சூடம் காட்டி விழுந்து கும்பிட்டேன். ரீல் ஜம்மென்று இருந்தது.

சேகர் திரும்பி வந்தார். புதுச்சேரியிலிருந்து விடிகாலையில் படகு. நான், சேகர், வாத்தியார், படகோட்டி. ரீலைத் துடைத்து, துணிப்பையில் வைத்துக் கொடுத்தேன். அரை இருட்டில் அவரும் கவனிக்கவில்லை, தூண்டில் கம்பில் மாட்டிவிட்டார். கரை மறைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏரியையே கையில் வைத்திருந்தவன் படகின் ஓரத்தைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தேன். வாத்தியார் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

வெயில் ஏறியதும் சேகர் ஜிக்கை இறக்கினார். கைப்பிடியைச் சுற்றியபோது உள்ளே மாவரைக்கிற மாதிரி சத்தம். அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா அந்த மீன் வர வேண்டும்? கம்பு வளைந்து முனை தண்ணீருக்குள் போனது. பெரிய பாரை மீன் என்று படகோட்டி எழுந்து நின்றார். நூல் ஒரு இஞ்ச் கூட விட்டுக்கொடுக்கவில்லை. சேகர் குமிழைத் திருகினார், அசையவில்லை. பல்லைக் கடித்துத் திருகினார். கம்பு நடுவில் படீரென்று முறிந்தது, நூலும் அறுந்தது. மீன் ஜிக்கோடு போய்விட்டது.

சேகர் படகோட்டியிடம் குறடு வாங்கிக் குமிழைக் கழற்றினார். மஞ்சள் கிரீஸ் கொழகொழவென்று வெளியே வந்தது. அதோடு காய்ந்த சந்தனம். பின்னாலேயே குங்குமம் கரைந்து சிவப்பாக அவர் மணிக்கட்டில் வழிந்தது. ஒரு செவ்வந்தி இதழும் வந்தது.

படகோட்டி குனிந்து பார்த்தார். "என்னா சார், ரீலுக்குக் காது குத்தினீங்களா?"

சேகர் முகத்தில் சிரிப்பு இல்லை. அழுதுவிடுவாரோ என்றுதான் இருந்தது. அப்பாவிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "ஒரு ரீலையே இந்தக் கதி பண்ணி வெச்சிருக்காரு. இவர நம்பி நம்ம பொண்ண எப்படிப்பா குடுக்கறது?"

எனக்குக் குமட்டல் நின்றுவிட்டது. பயத்துக்கு அந்த மருத்துவ குணம் உண்டு. கரை வரும்வரை மூன்று பேரும் என் பக்கமே திரும்பவில்லை. கல்யாணம் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த ஆறு மாதமும் கோமதியை நினைத்துக்கொண்டுதானே அந்தப் பாழாய்ப்போன ரீலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் சேகர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கோமதி அந்த ரீலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லோர் முன்னாலும் என்னிடம் நேராகக் கேட்டாள்.

"வூட்ல மிக்ஸி, ஃபேனு எதுனா ரிப்பேர் ஆச்சுன்னா நீங்களேதான் பாப்பீங்களா?"

பாக்கெட்டில் அந்த மிச்ச வாஷர் உறுத்திக்கொண்டிருந்தது. "சத்தியமா மாட்டேங்க. ஆளத்தான் கூப்பிடுவேன்."

"அப்ப சரிப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாத்தியார் காலண்டரை எடுத்தார்.

நலங்கு வைத்த அன்று சேகர்தான் என் கன்னத்தில் சந்தனம் பூசினார். தாராளமாகவே பூசினார். "ஆடாதீங்க மாப்ள, உள்ள போயிட்டா அப்புறம் சுத்த மாட்டீங்க" என்று காதில் சொன்னார். சுற்றியிருந்த பெண்கள் ஏன் சிரித்தார்கள் என்று விசாரித்த வகையில், இரண்டு பக்கச் சொந்தத்துக்கும் கதை முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை. மீற வழியும் இல்லை, ஸ்குரூடிரைவர் கோமதியின் பீரோவில் நகைகளோடு இருக்கிறது. போன வாரம் கூடத்து ஃபேன் லேசாகக் கிரீச்சிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி சும்மா அண்ணாந்துதான் பார்த்தேன். சமையலறையிலிருந்து மகளுக்கு உத்தரவு பறந்தது.

"அப்பா மேல பாக்கறாரு பாரு. ஓடிப்போயி எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணு."