முதுகின் நடுவில் கை எட்டாத இடம்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. முதுகு விடமாட்டேன் என்கிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன மாதம் இடுப்பைச் சுற்றித் தடித்து, அது முதுகுவரை ஏறி, சொறிவதே பிழைப்பாகிவிட்டது. தோல் டாக்டர் முதுகு நிறையப் பட்டை பட்டையாக என்னவோ ஒட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, ரப்பர்ல கலக்கற ரசாயனம் உங்களுக்கு ஒத்துக்கல. ரப்பர் எதையும் தொடாதீங்க" என்றார். இவ்வளவுதானா என்று வீட்டுக்கு வந்து பார்த்தால், வீடே ரப்பர்! எலாஸ்டிக் வைத்த உடுப்பெல்லாம் போனது. நாடா கோத்துக் கட்டினால் முடிச்சு இறுகி, கத்தரிக்கோலால்தான் விடுதலை பெற்றேன். பாத்திரம் கழுவும் கையுறை, வெந்நீர்ப் பை, அவர் விட்டுப்போன, அடியில் ரப்பர் வைத்த கைத்தடி எல்லாம் பெட்டிக்குள். டிவி ரிமோட்டைக்கூடப் பென்சிலால் குத்துகிறேன். ஏதோ யோசனையில் அதன் பின்பக்க அழிரப்பரைக் கடித்ததில் உதடும் தடித்தது. நீ ஆசையாக அனுப்பிய மெத்தென்ற செருப்பும் பெட்டிக்குள்தான், கோபித்துக்கொள்ளாதே.

டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார். முதுகின் நடுவில் கை எட்டவில்லையடி. மரக்கரண்டியில் எடுத்துத் தடவினேன், பின்னலில் அப்பிக்கொண்டது. சுவரில் பூசி முதுகைத் தேய்த்தேன், சுவர் பளபளவென்று இருக்கிறது. அவர் இருந்திருந்தால் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "ம், திரும்பு" என்றிருப்பார். அதைச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை.

வெட்கத்தை விட்டு, மாடியில் இருக்கும் ரிட்டயர்டான நர்ஸைக் கூப்பிட்டேன். மகராசி உடனே இறங்கி வந்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், பின்னால் சடக்கென்று ஒரு சத்தம்தான் கேட்டது. பழக்கதோஷம், ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு முதுகு முழுக்க அக்கறையாகத் தடவிவிட்டுப் போயிருக்கிறாள்! மறுநாள் தோள்பட்டைவரை தடிப்பு.

ஆகவே நீ கிளம்பி வந்தால்தான் உண்டு. முதுகு உன்னைத்தான் நம்பியிருக்கிறது.

எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். சின்னவளின் பலூனுக்கு மட்டும் இல்லை.

சொறிந்துகொண்டே,
உன் அக்கா

பி.கு.: உன்னைத் தொந்தரவு செய்வானேன் என்று இதைத் தபாலில் போடாமலே சில வாரம் வைத்திருந்துவிட்டேன். அதற்குள் நர்ஸ் விஷயம் தெரிந்து பதறிப்போய், தினமும் வெறுங்கையோடு வந்து தடவினாள். "வேலையில சேர்ந்ததுலேர்ந்து கையுறை இல்லாம யாருக்கும் மருந்து போட்டதில்லைக்கா" என்று சொல்லி, முதல் நாள் கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றாள். முதுகு சுத்தமாக ஆறிவிட்டது. நேற்று, "இனிமே நான் வர வேணாம்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்ல? நீ வருவதற்கும் இப்போது காரணம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வா.