மீன்கொத்தியும் மேலதிகாரியும்

சிவராஜ் படம் எடுத்தது குழாயை. அதன்மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்ததற்கு அவர் பொறுப்பல்ல.

கல்கத்தாவின் பெஹாலாவில் அவருக்கு ஆபீஸ் வாடகைக்கு எடுத்துக் கொடுத்த ஃபிளாட்டின் பின்சுவரில் ஓடிய தண்ணீர்க் குழாய் விரிசல் விட்டு, சமையலறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறியிருந்தது. ஃபிளாட் செக்ரட்டரியிடம் எப்போது சொன்னாலும் "தேக்ச்சி, தேக்ச்சி" என்பார். பார்க்கிறேன் என்று அர்த்தம். பார்த்ததே இல்லை. சரி, படத்தையாவது பார்க்கட்டும் என்று சிவராஜ் பால்கனியிலிருந்து கையை நீட்டி போனில் ஒரு படம் எடுத்தார். குடியிருப்போர் குழுவுக்கு அனுப்புவதாக நினைத்து ஆபீஸ் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

தவறு தெரிந்து அதை அழிக்கப் போவதற்குள் ஜெனரல் மேனேஜர் ராகவேந்திரனிடமிருந்து பதில் வந்துவிட்டது.

"அற்புதமான படம் சிவராஜ். உங்களுக்கு இப்படி ஓர் ஆர்வம் இருப்பது தெரியாமல் போயிற்று. ஒருநாள் சேர்ந்து போகலாம்."

அதன் கீழே ஆபீஸே கட்டைவிரலை உயர்த்தியிருந்தது.

"குழாயைத்தான் எடுத்தேன்னு சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி சுந்தரவல்லி.

"ஜி.எம். அற்புதம்னு சொன்னப்புறம், சார் அது ஒழுகுற குழாய்னு சொல்லச் சொல்றியா? லிஸ்ட் தயாராகிக்கிட்டு இருக்கிற நேரத்துல?"

லிஸ்ட் என்றால் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட். சிவராஜ் கார்டன் ரீச்சில் ஓர் அரசு நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரி. கல்கத்தாவுக்கு வந்து வெகுகாலமாகிவிட்டதால், இந்தத் தடவை அவர் பெயர் தப்பாது என்பது கேன்டீன்வரை தெரிந்த சங்கதி. மகள் ஸ்னேகாவுக்கு வரப்போவது பன்னிரண்டாம் வகுப்பு. அவளைப் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. சிவராஜ் தனியாகப் போய் ஏதாவது ஓர் ஊரில் மெஸ் சாப்பாடு சாப்பிட வேண்டும். அவருக்கோ சுந்தரவல்லி அரைத்த மிளகாய்த் தூள் இல்லாமல் ஒரு வேளை இறங்காது. லிஸ்டில் கையெழுத்துப் போடுபவர் ராகவேந்திரன்.

ஆகவே சிவராஜ் பதில் எழுதினார். "நிச்சயம் சார். வருகிற ஞாயிற்றுக்கிழமையே போகலாம்."

ஜி.எம். சற்று நேரம் கழித்து "சரி" என்று அனுப்பினார்.

எங்கே போவது, எப்போது போவது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஸ்னேகா இணையத்தில் பார்த்து வகுப்பெடுத்தாள்.

"சூரியன் வந்த உடனே போயிடணும்ப்பா. அப்போதான் லைட் சாஃப்ட்டா இருக்கும். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும், பறவை மூஞ்சியில வெளிச்சம் விழணும். இது குளிர்காலம், வெளிநாட்டுப் பறவையெல்லாம் வரும். சௌத் கல்கத்தாவுல ரவீந்திர சரோவர் ஏரி தாருண் ஜாயகா."

"என்ன ஜாயகா?"

"சூப்பரான இடம்ப்பா. இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, பெங்காலி வரலை. பறவை பாஷை எப்படி வரப் போகுது?"

சால்ட் லேக்கில் இருக்கும் நண்பர் பிரேம்குமாரிடம் கேமராவை இரவல் வாங்கினார் சிவராஜ். யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு லென்ஸ். "விழுந்தா என் வீட்டுப் பக்கம் வராதே" என்று சொல்லித்தான் பிரேம்குமார் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் சிவராஜ் ஜி.எம்மின் குவார்ட்டர்ஸ் கேட்டில் காரோடு நின்றார். ராகவேந்திரன் மங்கி குல்லாவும் மஃப்ளருமாக வந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆர்வத்தில் தூங்கியிருக்க மாட்டார் என்று சிவராஜுக்குத் தோன்றியது.

சரோவரில் பறவைகளுக்கு முன்பே கல்கத்தா வந்து சேர்ந்திருந்தது. ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், துடுப்புப் போடுகிறவர்கள். மரத்தடியில் ஒரு கூட்டம் வட்டமாக நின்று, ஆரோக்கியத்துக்காகக் கைகளைத் தூக்கி ஒரே குரலில் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஏரிக்கு நடுவிலிருந்த தீவிலிருந்து கொக்கும் நாரையும் மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன. மிஞ்சியவை காக்கைகள். ராகவேந்திரன் ஒரு காக்கையைத் தன் போனில் படம் எடுத்தார். சிவராஜ் விடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். லென்ஸின் மூடியைக் கழற்றவில்லை என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது.

"நல்லா இருந்தது சிவராஜ்," என்றார் ஜி.எம். காரில். "என்ன, கொஞ்சம் கூட்டம்."

நல்லா இருந்தது என்பது சிவராஜ் காதில் ஏறவில்லை. கூட்டம் என்பதுதான் ஏறியது.

"சாருக்குத் திருப்தியில்ல," என்றார் வீட்டில். "கூட்டமே இல்லாத இடமா பாரு, ஸ்னேகா."

அடுத்த ஞாயிறு, நரேந்திரபூர் பக்கமிருந்த சரணாலயத்துக்குப் போனார்கள். அங்கே கூட்டம் இல்லை. கூடவே வெளிச்சமும் இல்லை. மாமரமும் மூங்கிலுமாக அடர்ந்து, சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே முதுகுக்குப் பின்னால் வைக்க முடியும். தலைக்கு மேலே என்னென்னவோ கூவின. ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆபீஸ் ரத்ததான முகாமில் கொடுத்த செக்கச்செவேலென்ற டீ-ஷர்ட்டைச் சிவராஜ் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எதிரில் வந்த ஒரு வங்காளி அன்பர் அதைப் பார்த்து, இந்தச் சிவப்புக்குப் பறவை எங்கே நிற்கும் என்பதுபோல் தலையில் அடித்துக்கொண்டு வேறு பாதையில் போனார். அன்று ரத்தத்தை எடுத்துக்கொண்டவை கொசுக்கள்.

"அருமையான காடு," என்றார் ராகவேந்திரன், முழங்கையைச் சொறிந்தபடி. "இருட்டுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

சிவராஜ் அன்றிரவே வெட்டவெளி தேட ஆரம்பித்தார்.

சால்ட் லேக்கைத் தாண்டிக் கிழக்கே மீன் வளர்க்கும் ஏரிகள் வரிசையாக உண்டு. திறந்த வெளி. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஏரிகளுக்கு நடுவே இருந்த வரப்புதான் ஆளை வாரியது. "சார், இந்தப் பக்கம் வாங்க, லைட் பிரமாதம்," என்று சிவராஜ் கூப்பிட்ட பக்கம் ராகவேந்திரன் ஓர் அடி வைத்தார். அடுத்த கணம் இடுப்புவரை சேற்றில் நின்றார். தூக்கி எடுத்தபோது ஆள் முழுசாக வந்தார். ஒரு ஷூ மட்டும் வரவில்லை.

கேட்டில் இறங்கும்போது, "இதெல்லாம் சகஜம்," என்றார் ஜி.எம்.

"முடிஞ்சுது," என்று சிவராஜ் வீட்டில் வந்து உட்கார்ந்தார். "என்னை அந்தமானுக்குத்தான் அனுப்பப் போறார்."

"இத்தோட விட்டுருங்க," என்றாள் சுந்தரவல்லி. "அவரா கூப்பிட்டா போங்க."

"இப்ப விட்டா, விழுந்தவரைப் பார்த்து நான் சிரிச்சிட்டுப் போயிட்டேன்னு ஆகாதா? அடுத்த வாரம் கட்டாயம் கூப்பிடணும்."

கூப்பிட்டார். ராகவேந்திரன் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்தில் புதுக் கேமரா ஒன்று தொங்கியது. மனிதர் இவ்வளவு தீவிரமானவர் என்று முன்பே தெரிந்திருந்தால் குழாய் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இனி வாய் ஒன்றுதான் துணை. அன்று ஏரியில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு கூட்டம் நீந்திக்கொண்டிருந்தது.

"இது என்ன பறவை சிவராஜ்?"

"சைபீரியாவுலேர்ந்து வர்றது சார். இமயமலையைத் தாண்டி, ராத்திரி பகலா பறந்து வரும்."

"அடேயப்பா. அவ்வளவு தூரமா."

இருவரும் வரப்பில் குந்திப் படம் எடுத்தார்கள். அப்போது எதிர்க்கரையில் ஒரு பெண்மணி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, "ஆய் ஆய், சோய் சோய்" என்று குரல் கொடுத்தாள். சைபீரியாப் பறவைகள் ஒழுங்காக வரிசையில் கரையேறி, உடம்பை உதறி, அவள் பின்னால் வீட்டைப் பார்த்து நடந்தன.

சிவராஜ் தரையைப் பார்த்தார். ராகவேந்திரன் கேமராவைத் தாழ்த்தி, வாத்துகள் மூங்கில் படலுக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம்," என்றார் கடைசியில். "அவ்வளவு தூரம் பறந்து வந்து, நல்லா பழகிடுச்சு போலிருக்கு."

இந்தப் பெருந்தன்மையில் சிவராஜ் உருகிப்போனார். பறவை மேல் இப்படிப் பித்துக்கொண்ட மனிதரை இனி ஒரு வாரம்கூட ஏமாற்றமடைய விடக் கூடாது என்று முடிவு செய்தார். குளிர்காலம் முழுவதும் ஒரு ஞாயிறும் தப்பவில்லை. ஒரு தரம் பனிமூட்டத்துக்கு நடுவே ராகவேந்திரன் மரத்தில் சாய்ந்து, கண்ணை மூடி, வெகுநேரம் பறவைகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். தியானம் கலையக் கூடாதென்று சிவராஜ் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். மறு ஞாயிறு ஜி.எம்முக்கு லேசாக ஜுரம் என்று செய்தி வந்தது. சிவராஜ் அசரவில்லை. சாருக்கு ஏமாற்றமாக இருக்குமே என்று அன்று சாயங்காலமே குவார்ட்டர்ஸ் கேட்டுக்குப் போய், உள்ளே வரச் சொல்லி, காவலுக்கிருந்த தர்வான் வற்புறுத்தியும் போகாமல், "புதன்கிழமை லீவு வருது, அன்னிக்குப் போய் ஈடுகட்டிடலாம்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வேனில் தொடங்கும் நேரத்தில் ராகவேந்திரன் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க சிவராஜ். லிஸ்ட் வரப் போகுது. அதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு நினைச்சேன்."

சிவராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சேறு, கொசு, ஜலதோஷம் எல்லாவற்றுக்கும் பலன் கிடைக்கப் போகிறது.

"சில்கா ஏரிக்கரையில நமக்கு ஒரு படகுத்துறை வேலை நடக்குது. அங்க ஒரு அதிகாரி வேணும். ஜன்னலைத் திறந்தாலே பறவைதான். வெளிநாட்டுலேர்ந்து லட்சலட்சமா வருதாம். ஒரிஜினல்." ஃபைலை மூடி வைத்தார். "நிறைய பேர் கேட்டாங்க. உங்க பேரைத்தான் போடணும்னு நான் மேலிடத்துல சண்டை போட்டு வாங்கினேன்."

சிவராஜ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "சார், என் பொண்ணு..."

"குடும்பத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஃபிளாட்டை அவங்களே வச்சுக்கட்டும். இப்படி ஒரு ஆர்வம் உள்ளவரைக் கொள்முதல் ஃபைலுக்குள்ள பூட்டி வைக்கிறது பாவம்." ராகவேந்திரன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்கள் லேசாகப் பனித்திருந்ததைச் சிவராஜ் பார்த்தார்.

"ரொம்ப நன்றி சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வேறென்ன சொல்வது.

சுந்தரவல்லி கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நேரா அவர் வீட்டுக்குப் போங்க. எனக்குக் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது, டிரான்ஸ்ஃபருக்குப் பயந்து நடிச்சேன்னு சொல்லுங்க. திட்டினா திட்டட்டும். உங்க மேல இவ்வளவு பிரியம் உள்ள மனுஷன், மன்னிச்சிடுவார்."

"மனசு உடைஞ்சு போயிடுவார், வல்லி. கூட வர ஒரு ஆள் கிடைச்சுதுன்னு எவ்வளவு சந்தோஷமா இருந்தார் தெரியுமா."

"உங்க பொண்ணு பரீட்சை எழுதும்போது நீங்க சில்காவுல வாத்து மேய்க்கப் போறீங்களா?"

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு, கேமரா இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு சிவராஜ் குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டி முதல்முறையாக உள்ளே போனார். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சார், ஒரு உண்மை சொல்லணும். சார், உங்க ஆசையை நான் பயன்படுத்திக்கிட்டேன்.

கதவைத் திறந்தது ராகவேந்திரனின் மனைவி மீரா. மகள் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தவர், அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். சிவராஜை அவர் பார்த்ததில்லை. உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"ஆபீஸ்லேர்ந்தா? கொஞ்சம் மெதுவா பேசுங்கோ. அவர் தூங்கறார்."

"இந்நேரம் வரைக்குமா?" சிவராஜ் பதறிப்போனார். "சாருக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

"உடம்பெல்லாம் நன்னாத்தான் இருக்கு," என்று மீரா குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "ஆபீஸ்ல சிவராஜ்னு ஒரு பறவைப் பைத்தியம், முடியாதுன்னா அந்த மனுஷன் மனசு நோகுமேன்னு குளிர்ல வாராவாரம் கூடவே அலைஞ்சார், நேத்திக்கு எப்படியோ அவரைச் சில்காவுக்குத் தள்ளிவிட்டுட்டு வந்து படுத்தவர்தான்."