எங்கள் வீட்டு ஓநாயும் ஒரு கோழிக்காலும்

கவிதை எழுதுகிற எவனிடமும் நாய்க்குச் சாப்பாடு வைக்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் நாயின் கிண்ணத்தைப் பார்த்தால் கிண்ணத்தைத்தான் பார்ப்பார்கள். நான் அதற்குள் ஒரு காட்டைப் பார்த்தேன். அந்தக் காடு கடைசியில் எங்கள் பேஸ்மென்டில் கருகி மணத்தது.

நாயின் பெயர் பூட்டின். உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் பழுப்புக் குழம்பை ஊற்றி, பாற்கட்டி தூவித் தருவார்களே, கியூபெக்காரரின் அந்தப் பெருமைமிகு சாப்பாட்டின் நிறம் அப்படியே அவனுக்கு. பெயர் வைத்தவள் மகள் ஆரணி. கியூபெக்கின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டின் கூடம் முழுவதும் அவனுக்குச் சொந்தம். நாங்கள் ஓரமாகக் குடியிருக்கிறோம். தபால்காரர் வந்தால் என் மனைவி சாந்தினிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு குரைக்கும் வீரன்.

பையில் வரும் உலர்ந்த தீனைத்தான் அவனுக்குப் போட்டுவந்தோம். கிண்ணத்தில் விழும்போது தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோலச் சத்தம் வரும். இலையுதிர் காலத்து மாலையொன்றில் அந்தச் சத்தம் என் நெஞ்சில் விழுந்துவிட்டது. “உன் முப்பாட்டன்மார் பனிக்காட்டில் நிலவைப் பார்த்து ஊளையிட்டார்கள். நீயோ கூழாங்கல் கொறிக்கிறாய்” என்று அவனிடம் துக்கத்தோடு சொன்னேன். அவன் வாலை ஆட்டினான். (இன்னும் ஒரு கைப்பிடி போடு என்று அதற்கு அர்த்தம். அன்று அது எனக்கு ஆதிக்காட்டின் சம்மதமாகத் தெரிந்தது.)

அதன்பிறகு யூடியூபில் தாடிவைத்த மனிதர்கள் பலர் எனக்கு உறவானார்கள். பச்சை இறைச்சியே நாயின் பிறப்புரிமை என்றார்கள். மிருக வைத்தியரிடம் போனோம். அந்த இளம்பெண் பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னதை ஆரணி தமிழாக்கினாள்.

“ரெண்டும் குடுக்கலாமாம் அப்பா. பையில வாறதில சத்தெல்லாம் அளவா இருக்காம். பச்சை இறைச்சியெண்டா அளவு பாத்துக் குடுக்கோணுமாம், கிருமி இருக்குமாம், கை கழுவோணுமாம். வெந்த எலும்பு மட்டும் குடுக்கவே கூடாதாம். கத்தி மாதிரி உடைஞ்சு குடலைக் கிழிச்சுப் போடுமாம்.”

இவ்வளவிலும் என் காதில் நின்றது இரண்டே சொற்கள்: பச்சை இறைச்சி.

தீன் பை முடிந்த நாள்தான் வினை. கந்தசஷ்டி விரதத்தின் நடுவில் அது முடிந்தது. என் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த வருடம், ஆறு வருடம் தொடர்ந்து விரதம் பிடிப்பதாக சாந்தினி நேர்ந்திருந்தாள். இது ஆறாவது, கடைசி வருடம். பாலும் பழமுமாக அவள் ஆறு நாளைக் கடப்பாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஆறு நாளும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாமல் இருப்பது. அதற்கு முந்திய வருடம் காரின் சீட்டுக்கடியில் ஸ்மோக்ட் மீட் சான்ட்விச் சுற்றிய தாள் அகப்பட்டிருந்தது. அந்தத் தாள் அங்கே எப்படி வந்தது என்பதற்கு நான் சொன்ன விளக்கத்தை இங்கே எழுதி உங்களையும் வருத்த விரும்பவில்லை.

“பூட்டின்ர சாப்பாடு முடிஞ்சுது. வரேக்க ஒரு பை வாங்கிக்கொண்டு வாங்கோ.”

“வேண்டாம் சாந்தினி. இனி அவனுக்குப் பச்சை இறைச்சி.”

“விரதத்துக்கு நடுவிலயோ? உங்களுக்கென்ன விசரே?”

“ஓநாய்க்கு விரதம் இல்லை.”

“உங்கட ஓநாய் வாக்குவம் கிளீனருக்குப் பயந்து என்ர கட்டிலுக்குக் கீழ கிடக்குது. போய்க் கேட்டுப் பாருங்கோ.”

கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தாள். இறைச்சி பேஸ்மென்டோடு நிற்க வேண்டும். ஒரு படிகூட மேலே ஏறக் கூடாது.

பேஸ்மென்டுக்கு வெளிக்கதவு உண்டு. அதன் வழியாகத் தோலோடும் எலும்போடும் கோழிக்கால்களைக் கொண்டுபோனேன். தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். வேட்டைமிருகம் உண்ணும்போது பார்ப்பது அநாகரிகம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். (உண்மையில் பச்சை இறைச்சியைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.) திரும்பிப் போனால் தட்டு துடைத்து வைத்ததுபோல இருக்கும். ஒரு எலும்புத் துணுக்குக்கூட மிஞ்சாது. அவன் கண்ணில் ஒரு ஒளி. மயிரில் ஒரு மினுமினுப்பு. பரவசம் தாளாமல் ‘பல்லுக்குள் விழித்த பனிக்காடு’ என்றொரு வசனகவிதை எழுதி, வெறும் வயிற்றோடு இருந்த சாந்தினிக்கு உரத்து வாசித்தேன்.

“நல்லா இருக்கப்பா” என்றாள். “பசியில எல்லாம் கொஞ்சம் நீளமாத்தான் தெரியும்.”

ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர். அந்த வருடத்தின் முதல் உறைகுளிர். நாயை ஒருமுறை வெளியே விட நான் இடையில் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

“அப்பிடியே ஹீட்டரையும் போட்டுவிடுங்கோ” என்றாள் சாந்தினி. “அக்காவும் எங்களோட வாறா. வீடு விறைச்சுப்போய்க் கிடக்கும்.”

சுவரோரம் தரையை ஒட்டி நீளமாக ஓடும் மின்சார ஹீட்டர்கள் எங்களுடையவை. மேலும் கீழும் எல்லாவற்றையும் முழுச்சூட்டில் முறுக்கிவிட்டு, ஒரு நல்ல குடும்பத் தலைவனின் நிறைவோடு கோயிலுக்குத் திரும்பினேன். சூரன் சேவலும் மயிலுமாகி அடங்கினான். நாங்கள் நெற்றி நிறையத் திருநீறோடு வீடு வந்தோம்.

கதவைத் திறந்தேன். வெதுவெதுப்பான காற்றோடு அந்த மணம் வந்து எங்களைத் தழுவியது. தோல் முறுகி, கொழுப்பு உருகி, ஓரம் மட்டும் லேசாகக் கருகிய கோழியின் மணம். ஆறு நாள் பட்டினி கிடந்த ஒருத்தியின் முகத்தில் அது நேராகப் போய் அடித்தது.

“என்னப்பா இது மணம்?” என்றாள் சாந்தினி.

“முதல் நாள் ஹீட்டரல்லே? தூசு எரியுது.”

சாந்தினியின் அக்கா, என் மச்சாள், மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்தார். “தம்பி, லவால்ல எங்கட வீட்டிலயும் தூசு எரியிறதுதான். ஆனா அதில தொடைப்பக்கம், நெஞ்சுப்பக்கம் எண்டு பிரிச்சு மணக்கிறேல்லை.”

சாந்தினி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றாள்.

“இடையில வீட்டை வந்தது நீங்கள் மட்டும்தான்.”

“சத்தியமா நான் தொடேல்லை!”

“போன வருசம் காருக்குள்ள. இந்த முறை வீட்டுக்குள்ளயே.” குரல் தாழ்ந்தது. “ஆரின்ர நெஞ்சுக்காக நான் இப்பிடிப் பட்டினி கிடக்கிறன்?”

ஆயிரம் உவமை தெரிந்த நான், எரிந்த தூசைத் தேடி ஹீட்டரின் பக்கம் குனிந்தேன். அப்போது பேஸ்மென்ட் படிகளில் நகங்கள் டக்டக்கென்று ஏறிவரும் சத்தம் கேட்டது.

பூட்டின் வந்தான். வாயில் பொன்னிறமாக வெந்த ஒரு கோழிக்கால். கூடத்தின் நடுவில், சாந்தினியின் கால்மாட்டில் படுத்து, முன்னங்கால்களுக்கிடையில் அதை வைத்து ஆசையோடு நக்கினான்.

அப்போதுதான் வைத்தியர் சொன்னதில் நான் கேட்காமல் விட்ட பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தது. வெந்த எலும்பு. கத்தி. குடல்.

“ஐயோ, கடிச்சுப் போடாதையடா!”

பாய்ந்தேன். கம்பளிக் காலுறை பளபளத்த தரையில் வழுக்கி, நெஞ்சடிக்க விழுந்து, சறுக்கிக்கொண்டே போய் அவன் முகத்துக்கு முன்னால் நின்றேன். கோழிக்காலைப் பிடித்து இழுத்தேன். பூட்டின் வாழ்க்கையில் முதன்முறையாகப் பல்லைக் காட்டி உறுமினான். நான் அத்தனை நாள் தேடிய ஓநாய் ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. எனக்கெதிராக.

வென்றது நான்தான். எலும்பு உடையாமல் மீண்டது. அவிழ்ந்த வேட்டி ஒரு பக்கம், கலைந்த திருநீறு ஒரு பக்கம். தரையில் கிடந்தபடியே வெந்த கோழிக்காலைக் கையில் உயர்த்திப் பிடித்தேன். ஆரணியின் போன் ‘கிளிக்’ என்றது.

எல்லோருமாகக் கீழே இறங்கினோம். பழைய சோபாவுக்குப் பின்னால், ஹீட்டரின் மேலும் ஓரத்திலுமாக, நான் கொடுத்த அவ்வளவு கால்களும் இருந்தன. ஒன்றைக்கூட அவன் தின்னவில்லை. என் மனம் நோகக் கூடாதென்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஒளித்திருக்கிறான். ஹீட்டர் போடாத குளிர் அவற்றைக் கெடாமல் காத்திருக்கிறது; முழுச்சூட்டில் முறுக்கி மீதி வேலையை முடித்து, சமைத்துக் கொடுத்தவன் நான். வீடு பற்றிக்கொள்ளாதது முருகன் செயல்.

“அப்ப இவ்வளவு நாளும் இவன் எதைத் திண்டவன்?” என்றேன்.

சாந்தினி உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை இழுத்து வெளியே வைத்தாள். உலர் தீன். பாதி முடிந்திருந்தது.

“நீங்கள் மேல காடு எழுதிக்கொண்டிருக்கேக்க நான்தான் வாங்கிக்கொண்டு வந்து ரெண்டு நேரமும் போட்டனான். என்னை வந்து வந்து பாத்தான். பசிச்சுக் கிடக்கிறவளுக்குத் தெரியாதே பசிக்கிற முகம்?”

சொல்லிவிட்டு என் வேட்டியைப் பார்த்தாள். கையிலிருந்த கோழிக்காலைப் பார்த்தாள். சோபாவில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“ஒருத்தரும் சாப்பிடேல்லை. விரதம் முறியேல்லை” என்று மச்சாள் தீர்ப்புச் சொன்னார். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். பூட்டினின் தலையிலும் கொஞ்சம். என் தலையில் கொஞ்சம் அதிகம். மறுநாள் காலை சாந்தினி பாறணை செய்து விரதத்தை முடித்தாள். முதல் கவளத்துக்கு முன் என்னைப் பார்த்து மறுபடியும் சிரித்ததில் புரைக்கேறிவிட்டது.

பூட்டின் கூழாங்கல்லையே கொறிக்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் அந்தப் படம் நிற்கிறது. கீழே ‘அப்பா விரதம்’ என்று ஆரணி எழுதியிருக்கிறாள். நெஞ்சுக்கு மாத்திரை போட்டேனா என்று மச்சாள் ஒருபோதும் கேட்பதில்லை; “தம்பி, ஹீட்டர் போட்டாச்சோ?” என்றுதான் போனை எடுக்கிறார்.

ஒவ்வொரு வருடமும் முதல் குளிர் நாளில் ஹீட்டரை முறுக்குவேன். தூசு எரியும் மணம் எழும். சாந்தினி மூக்கைச் சுருக்கி என்னைப் பார்ப்பாள். பூட்டின் மட்டும் எழுந்து, படியிறங்கிப் போய், பழைய சோபாவுக்குப் பின்னால் மரியாதையாக உட்கார்ந்து காத்திருப்பான்.