மேல்மாடிக்குத் தெரிவிக்கப்பட்டது

பென்டிரைவைச் செருகியதும் திரையில் சிவப்புக் கட்டம் எழுந்தது.

'அனுமதி இல்லை. கோப்பின் நகல் நிர்வாகிக்கு அனுப்பப்பட்டது.'

உம்மல் குல்சுமுக்கு உள்ளங்கை வேர்த்தது. பென்டிரைவில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. சரவணம்பட்டிக் கம்பெனி ஒன்றுக்கு அவள் எழுதிய வேலை விண்ணப்பம். மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். இந்தப் பம்புசெட் கம்பெனியிலோ கைபேசியைக் காலையிலேயே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும்.

யாராவது வேறு வேலை தேடுகிறார்கள் என்று தெரிந்தால் முதலாளி அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பிவிடுவார். அனுபவச் சான்றிதழ் தரமாட்டார். அது இல்லாமல் சரவணம்பட்டியிலும் சேர்க்கமாட்டார்கள்.

நிர்வாகி, முதலாளியின் ஒரே மகன் ரித்விக். மேல்மாடியில் இருக்கிறான். கீழே யார் எந்தப் பொத்தானை அழுத்தலாம் என்பது அவன் கையில். கணினித் திரையில் சிரிக்கும் முதலாளியின் படத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது.

"பிரவின், ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றாள்.

பக்கத்து மேசைப் பிரவின்குமார் எட்டிப் பார்த்தான். "ஐயோ அக்கா! சரி, பதறாதீங்க. ஹிஸ்டரிய அழிச்சுப்போடுங்க."

அழித்தாள்.

'அழிக்கும் முயற்சி பதிவு செய்யப்பட்டது.'

"இப்ப என்ன பண்றது தம்பி?"

"ஷட்டவுன் குடுங்க. எல்லாம் போயிரும்."

'அணைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.'

"நிறுத்தறதுக்குமா உரிமை வேணும்?"

"பேசிட்டே இருக்காதீங்க அக்கா. பிளக்கைப் புடுங்குங்க."

மேசைக்கடியில் குனிந்து, கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கினாள். அது யுபிஎஸ்ஸின் பிளக். திரை அணையவில்லை. யுபிஎஸ் ஊளையிட ஆரம்பித்தது. கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ஏனம்மணி, தீயா?" என்று சரக்குப் பிரிவிலிருந்து கருப்புசாமி எழுந்து நின்றார். அவர் கையில் வாளி இருந்தது.

"ஒண்ணுமில்லீங்கண்ணா!"

இன்டர்காம் அடித்தது. பிரவின் எடுத்தான். கேட்டான். மெதுவாக வைத்தான்.

"மேல வரச் சொல்றாங்க அக்கா. டிபன் பாக்ஸையும் கையோட எடுத்துட்டுப் போயிருங்க."

"அது எதுக்கு?"

"மறுக்கா உள்ள உடமாட்டாங்க."

யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று படியேறினாள். டிபன் பாக்ஸுக்குள் கரண்டி நடுங்கிச் சத்தம் போட்டது.

ரித்விக்கின் திரையில், விண்ணப்பத்தில் அவள் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் போட்டோ சன்னல் அளவுக்குப் பெரிதாக இருந்தது.

"இது உங்களுதுங்களா?"

"இல்லீங்க சார். தங்கச்சியோடதுங்க."

"போட்டோல நீங்க இருக்கறீங்க."

"ரெண்டு பேரும் ஒரே சாயலுங்க."

"பேரும் உம்மல் குல்சும்னே இருக்குது."

டிபன் பாக்ஸை அவன் மேசைமேல் வைத்தாள். "சார், சான்றிதழ் மட்டும் குடுத்துருங்க. நானே போயிர்றேனுங்க."

ரித்விக் எழுந்தான். கதவைத் திறந்து எதிரிலிருந்த அப்பாவின் அறையைப் பார்த்தான். திரும்பி வந்தான். அவன் நெற்றியும் வேர்த்திருந்தது.

"உங்க விண்ணப்பத்த நானே அந்தக் கம்பெனிக்கு அனுப்பிப்போட்டேனுங்க" என்று கிசுகிசுத்தான். "கூடவே என்னோடதையும். எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க அக்கா."