தும்புப் பெட்டியும் மரத்தூள் பெட்டியும்

கூலாய், ஜொகூர்
1931, ஆவணி

சிங்கப்பூர் வக்கீல் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் என் மைத்துனர் மூர்த்திக்கு, ரப்பர்த் தோட்டத்துப் பெரிய கிராணி சிவசம்பு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம், என் மகள் கமலாம்பிகையைத் தவிர. காரணம், அவளுக்கு மாமனாராக வரவிருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சரவணமுத்தர். இனி அவர் வரமாட்டார். கலியாணத்தை நிறுத்திவிட்டேன்.

என் சூட்டுப் பெட்டி உமக்குத் தெரியும். செங்கல்லை அடுப்பில் நன்றாகக் காயவைத்துத் தகரப் பெட்டியின் அடியில் இட்டு, மேலே சோற்றுச் சட்டியை வைத்து, சுற்றிலும் தேங்காய்த் தும்பை அடைத்து மூடினால், காலையில் வடித்த சோறு மத்தியானம் கந்தோரில் ஆவி பறக்கும். சம்பந்தம் பேச வந்த சரவணமுத்தர் அந்தச் சோற்றை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும் சாக்கில் பெட்டியையும் திறந்து பார்த்தார். அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி முளைத்துவிட்டது! தும்புக்குப் பதில் மரத்தூளாம், ஆகையால் அது வேறு கண்டுபிடிப்பாம், பேட்டண்ட் எடுக்கப் போகிறாராம். காய்ச்சலுக்கும் கட்டிக்கும் ஒரே போத்தல் மருந்து கொடுக்கிற மனிதருக்குக் கண்டுபிடிப்பு ஒரு கேடா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறீரே என்று கேட்கப் போனேன். "கிராணியார், உம்மட பெட்டியில சோறு ஆறிப்போம், நீர்தான் சூடாயிருப்பீர் காணும்" என்று கங்காணிமார் முன்னால் சிரித்தார்.

எனக்குச் சாட்சி இருக்கிறது. சாதாரணச் சாட்சியல்ல, எங்கள் துரை! போன மாதம் என் பெட்டியைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் பார்த்தார், அடிக்கோல் வைத்து அளந்தார், காகிதத்தில் படமாகவே வரைந்துகொண்டார். "வெரி குட், கிளார்க்" என்று முதுகில் தட்டினார். டிரெசரின் பெட்டியையும் வரைந்தாராம். அசல் எது, போலி எது என்று ஒத்துப் பார்க்கத்தான் வரைந்திருப்பார். வெள்ளைக்காரன் நியாயத்தைப் பாரும்.

உம் அக்காள் இராசம்மாவோ, "உந்தத் தகரப் பெட்டிக்காகப் பிள்ளையின்ர கலியாணத்தைக் குழப்பிறியளே, உங்களுக்கு நெஞ்சில ஈரமில்லையோ?" என்று என்னைத் தின்கிறாள். கமலாம்பிகை அழக்கூட இல்லை. பெட்டியைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்து எனக்கு ஆறின சோறு போடுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாப்பிள்ளை ஜெயபாலன் தங்கமான பையன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத் திருட்டுப் பெட்டி இருக்கிற வீட்டுக்குப் பெண் கொடுப்பதா? உடனே அந்த டிரெசருக்குப் பேட்டண்ட் கொடுக்கக் கூடாதென்று மனுப் போடும்.

உம்மையும் பிள்ளைகளையும் நல்லூர்க் கந்தன் காக்க. சரவணமுத்தரைக் காக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சிவசம்பு

பின்குறிப்பு: அந்த மனுவைப் போட வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் சரவணமுத்தர் சிங்கப்பூர்ப் பேப்பரும் கையுமாக ஓடிவந்தார். சூட்டுப் பெட்டிக்கு எங்கள் துரை பேட்டண்ட் கேட்டிருக்கிறாராம். உள்ளே தும்பும் மரத்தூளும் கலந்து அடைத்த பெட்டியாம்! இரண்டு பூனைகளும் சண்டை போட, குரங்கு அப்பத்தை விழுங்கிவிட்டது. சரவணமுத்தர் என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். கமலாம்பிகை இருவருக்கும் பெட்டியிலிருந்து சுடச்சுடச் சோறு போட்டாள். கலியாணம் தை மாதம். துரைக்கு எதிராக நாங்கள் சேர்ந்தே மனுப் போடுகிறோம். கலியாணப் பத்திரிகையில் சம்பந்தி பெயர் முதலில் வரட்டும், மனுவில் என் பெயர்தான் முதலில். மீதியைப் பிறகு எழுதுகிறேன். சம்பந்தி கை கழுவப் போய் வெகு நேரமாகிறது, பெட்டியை ஒருதரம் பார்த்துவிட்டு வரவேண்டும்.